கதவை மாற்றுமுன் காகிதத்தைப் பாருங்கள்!

"நம்ம வீடு, நம்ம காசு. வாசல் கதவை மாத்தறதுக்கு யாரைக் கேக்கணும்?"

இப்படிக் கேட்டவள் வேறு யாருமில்லை, சாட்சாத் நானேதான். அந்த ஒரு பேச்சால் என் அக்கா மகள் குடும்பத்துக்கு ஆன செலவை நினைத்தால், இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நம் வாசகிகளில் எத்தனையோ பேருக்குப் பெண்ணோ பிள்ளையோ இங்கிலாந்தில் வீடு வாங்கிக் குடியிருப்பார்கள். என் அனுபவம் அவர்களில் ஒருவருக்காவது உபயோகப்படட்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

போன வருஷம் அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். அக்காவுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. "என்னால முடியாதுடி, நீ போய்ப் பாத்துக்கோ" என்றாள். என்னவரை மைத்துனர் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒப்படைத்துவிட்டு, பெருங்காயமும் பிரசவ லேகியமும் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

லண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் ஒரு சின்ன ஊர். விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி வரிசையாக நிற்கிற தெரு. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி மரக்கதவு: கீழே இரண்டு பலகை, மேலே இரண்டு கண்ணாடி, நடுவில் கடிதம் போட ஒரு பித்தளை வாய். பார்க்க லட்சணம்தான். ஆனால் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தானே கஷ்டம் தெரியும்!

கதவா, காற்றாடியா?

நான் போனது நவம்பர் மாதம். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மழை பெய்தால் கதவு உப்பிக்கொண்டு திறக்காது. மாப்பிள்ளை தோளால் இடிக்க வேண்டும். மழை விட்டால் இடுக்கு வழியே ஊசிக் காற்று. பச்சை உடம்புக்காரி கூடத்தில் உட்கார்ந்து பால் கொடுக்க முடியவில்லை. ஹீட்டர் ராப்பகலாக ஓடுகிறது. பில்லைப் பார்த்து மாப்பிள்ளை பெருமூச்சு விடுகிறார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கதவுக் கம்பெனிக்காரர் வந்தார். கோட்டு சூட்டு, கையில் படப் புத்தகம். பிளாஸ்டிக் சட்டம் போட்ட கதவு, காற்றே வராது, பெயிண்டே அடிக்க வேண்டாம் என்றார். எல்லாம் சேர்த்து 2,100 பவுண்டு. நம் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல்! அன்று ராத்திரிக்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி உண்டாம்.

மாப்பிள்ளை நிதானக்காரர். "இந்தத் தெருவுல இதுக்கு பர்மிஷன் வேணுமா?" என்று கேட்டார்.

"நாங்கள் தினம் மாட்டுகிறோம். கதவுக்கெல்லாம் யாரும் பர்மிஷன் கேட்பதில்லை" என்றார் வந்தவர்.

அப்போதுதான் நான் அந்த வசனத்தைச் சொன்னேன். "குழந்தை குளிர்ல நடுங்குது, இன்னும் என்ன யோசனை மாப்பிள்ளே!" என்று வேறு சேர்த்துக்கொண்டேன். மாமியார் ஸ்தானத்தில் இருப்பவள் சொன்னால் பாவம், என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதத்தில் கதவு வந்தது. பாதி நாளில் பழைய நிலையைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதுக் கதவை நிறுத்திவிட்டார்கள். பழைய கதவை வண்டியில் ஏற்றப் போனபோது நான் குறுக்கே நின்றேன். "இருக்கட்டும்ப்பா, ஒரு மேஜையாவது பண்ணிக்கலாம்." மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "சித்தி, இங்கேயும் ஆரம்பிச்சுட்டியா?" நான் விடவில்லை. கதவு கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போயிற்று.

வந்தது கடிதம்

மூன்று வாரம் நிம்மதி. அப்புறம் அந்தப் புதுக் கதவின் வாய் வழியாகவே ஒரு கடிதம் விழுந்தது. ஊர்க் கவுன்சிலிலிருந்து. 'உங்கள் வீடு கன்சர்வேஷன் ஏரியாவில் இருக்கிறது. வாசல் கதவு மாற்றப்பட்டதாகத் தெரிகிறது. அனுமதி பெற்றதாக எங்களிடம் பதிவு இல்லை. தொடர்பு கொள்ளவும்.' மிரட்டல் இல்லை. ஆனாலும் அரசாங்கக் கடிதம் என்றால் நமக்கு வயிற்றைக் கலக்குமே! மகளுக்குக் கண்ணில் தண்ணீர். மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

கம்பெனிக்கு போன் போட்டால், "ஒப்பந்தத்தின் பின்பக்கம் படியுங்கள், பர்மிஷன் வாங்குவது வீட்டுக்காரர் பொறுப்பு" என்று பதில். பொடி எழுத்தில் இருக்கத்தான் இருந்தது. வீட்டுக்கே வந்து விற்கிற சாமானை 14 நாளுக்குள் வேண்டாமென்று சொல்லலாம் என்று அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆனால் அளவெடுத்து நமக்கென்றே செய்த பொருளுக்கு அது செல்லாது. கதவோ அளவெடுத்துச் செய்தது!

அன்று ராத்திரி மாப்பிள்ளை பரண் மேலிருந்து வீடு வாங்கின காகிதக் கட்டை இறக்கினார். வக்கீல் தேடிக் கொடுத்த விவரங்களில் 'கன்சர்வேஷன் ஏரியா: ஆம். ஆர்ட்டிகிள் 4: ஆம்' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. நான்கு வருஷமாக வீட்டிலேயே இருந்திருக்கிறது. யாரும் புரட்டவில்லை.

அது என்ன கன்சர்வேஷன் ஏரியா?

பழைய அழகும் சரித்திரமும் உள்ள ஒரு தெருவையோ பேட்டையையோ மொத்தமாகக் காப்பாற்ற வேண்டுமென்று கவுன்சில் எல்லை வகுத்து அறிவிப்பதுதான் கன்சர்வேஷன் ஏரியா. இதற்கான சட்டம் 1967-ல் வந்தது. அந்த வருஷமே லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபோர்ட் என்ற ஊரில் முதல் பகுதியை அறிவித்தார்கள். இன்றைக்கு இங்கிலாந்தில் இப்படிச் சுமார் 10,000 பகுதிகள் இருக்கின்றன. இப்போது நடப்பில் உள்ளது 1990-ஆம் வருஷத்துச் சட்டம்.

இதில் இருந்தாலே கதவைத் தொடக்கூடாது என்று அர்த்தமில்லை. அங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வீட்டைப் பொறுத்து விதி மாறும்:

முதலாவது, ஒரே குடும்பம் இருக்கிற சாதாரணத் தனி வீடு. பழையதைப் போலவே தோற்றம் தருகிற கதவாக இருந்தால், பெரும்பாலும் தனி அனுமதி தேவைப்படாது.

இரண்டாவது, அதே வீடு 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவுக்கு உட்பட்டிருந்தால். அந்தச் சலுகையைக் கவுன்சில் திரும்ப எடுத்துக்கொண்டது என்று பொருள். பெரும்பாலும் தெருவைப் பார்த்த முகப்புக்குத்தான் இது. கதவு, ஜன்னல், சில இடங்களில் பெயிண்ட் நிறம்கூட இதில் அடங்கும். எதெது அடங்கும் என்பதை அந்த உத்தரவைப் படித்தால்தான் தெரியும். எங்கள் வீடு இந்த ரகம்.

மூன்றாவது, ஃபிளாட். ஃபிளாட்டுகளுக்கு அந்தச் சலுகை ஆரம்பத்திலிருந்தே கிடையாது. வெளித்தோற்றம் மாறுகிற மாதிரி எதைச் செய்தாலும் அனுமதி வேண்டும். கட்டடத்தின் சொந்தக்காரர் சம்மதமும் தேவைப்படலாம்.

நான்காவது, 'லிஸ்டட் பில்டிங்' என்று பட்டியலில் ஏறிய கட்டடம். இதற்கு 'லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்' என்று தனி ஒப்புதல். உள் அறைக் கதவுக்குக்கூடப் பொருந்தும். ஒப்புதல் இல்லாமல் கட்டடத்தின் தன்மை மாறும்படி வேலை செய்வது எடுத்த எடுப்பிலேயே குற்றம். மற்ற வீடுகளில் அனுமதியில்லாமல் கதவு மாட்டியது உடனே குற்றமாகாது. ஆனால் 'சரி செய்' என்று கவுன்சில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, அது அமலான பிறகும் செய்யாவிட்டால் குற்றம்.

பழுது பார்ப்பதற்கும், அச்சாக அதே போன்ற மரக்கதவை வைப்பதற்கும் பொதுவாகத் தடையில்லை. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு விதிகள் வேறே.

"ஆறாவது வீட்டுல பிளாஸ்டிக் கதவுதானே இருக்கு? அவங்களுக்கு மட்டும் சட்டம் இல்லையா?" என்று நான் சண்டைக்குப் போனேன். விசாரித்தால், அந்தக் கதவு உத்தரவு வருவதற்கு முன்பே மாட்டியதாம். பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

மஞ்சள் கதவும் கறுப்புக் கதவும்

கதவுக்காகக் கவுன்சிலோடு மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. பாத் என்ற ஊரில் 'ராயல் கிரெசன்ட்' என்று பிறை வடிவில் 30 வீடுகள் இருக்கின்றன. 1767-லிருந்து 1774 வரை கட்டியவை. அங்கே 22-ஆம் எண் வீட்டில் இருந்த அமபெல் வெல்லஸ்லி-காலி என்ற அம்மாள் 1970-களில், வரிசை முழுக்க வெள்ளையாக இருந்த கதவுகளுக்கு நடுவே தன் கதவுக்கு மஞ்சள் அடித்துவிட்டார். கவுன்சில் மாற்றச் சொன்னது. அம்மாள் அசையவில்லை. விஷயம் மந்திரி வரை போய், மஞ்சளே இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று!

இதைக் கேட்டதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. எடின்பரோவில் பாரம்பரியப் பகுதியில் ஒரு பெண்மணி கதவுக்கு ரோஸ் நிறம் அடித்து, 2022-ல் கவுன்சிலோடு தகராறாகி, கடைசியில் நிறத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

பிரதம மந்திரி வீடான 10, டவுனிங் தெருவின் கறுப்புக் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இருந்தது ஓக் மரம். 1991-ல் அந்த வீட்டைக் குறிவைத்துக் குண்டுவீச்சு நடந்த பிறகு, வெடிக்குத் தாங்கும் எஃகுக் கதவு வைத்தார்கள். ஆனால் பார்வைக்கு அதே பழைய கதவுதான். தெருவுக்குக் காட்டுகிற முகம் மாறவில்லை.

அதிகாரி வந்தார்

மாப்பிள்ளை தாமதிக்காமல் கவுன்சிலுக்கு எழுதினார். அதுவே பாதி நல்லதாயிற்று. பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, ஐம்பது வயதுப் பெண்மணி, நேரில் வந்தார். வேலை முடிந்த பிறகும் அனுமதிக்கு விண்ணப்பம் போட வழியுண்டாம். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் கதவுக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை நான் கொடுக்க மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டார். "ஒரு வீட்டில் மாறினால் தெரியாது. பத்து வீட்டில் மாறினால் இந்தத் தெருவே இருக்காது" என்றார்.

பிறகு, "பழைய கதவு போய்விட்டதா?" என்று கேட்டார்.

கொட்டகையைத் திறந்து காட்டினோம். ஒரு பக்கம் வண்ணக் கண்ணாடி, பித்தளைப் பிடி, எல்லாம் பத்திரம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தூக்கி எறியாமல் வைத்தது யார்?" எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். என் கஞ்சத்தனத்துக்கு வாழ்க்கையிலேயே முதல் பாராட்டு!

அதே கதவை அதே மாதிரி மரச் சட்டத்தோடு திரும்ப மாட்டினால், மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று எழுத்து மூலம் தந்தார், அவகாசமும் தந்தார்.

தச்சர் வந்து புது நிலை செய்து, உப்பின ஓரத்தை இழைத்து, கதவை நிறுத்தினார். அதற்கு 900 பவுண்டு. பிளாஸ்டிக் கதவை யாரோ தோட்டக் கொட்டகைக்கு 250-க்கு வாங்கிப் போனார்கள். ஆக, 2,750 பவுண்டு போன இடம் தெரியவில்லை. குழந்தைக்கு ஆறாம் மாதம் ஊருக்கு வந்து, குலதெய்வம் கோயிலில் முடியிறக்க எடுத்து வைத்திருந்த விமான டிக்கெட் பணம் அது. பயணம் தள்ளிப் போயிற்று. அக்கா தன் பேத்தியைக் கையில் வாங்க இன்னும் ஏழு மாதம் காத்திருந்தாள்.

குளிர் போன விதம்

வேடிக்கையைக் கேளுங்கள். புதுக் கதவு எதற்காக வாங்கினோமோ அந்தக் காற்று, தச்சர் சொன்ன சில்லறை வேலைகளாலேயே பெரிதும் நின்றுவிட்டது. கதவைச் சுற்றி நிலையில் பிரஷ் பட்டை, கதவுக்கு அடியில் ஒரு பட்டை, கடித வாய்க்கு உள்பக்கம் பிரஷ் மூடி, சாவித் துவாரத்துக்கு ஒரு தொங்கு மூடி, மழைத் தண்ணீரை வெளியே தள்ள வெளிப்பக்கம் கீழே ஒரு மரச்சட்டம். உள்ளே தரை வரைக்கும் கனத்த திரை. இவற்றில் எதற்கும் எங்கள் வீட்டில் அனுமதி தேவைப்படவில்லை.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய வீடுகளில், அதிலும் 1960-களுக்கு முன் அடித்த பெயிண்டில் காரீயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் கலக்கும். தவழ்கிற குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நாங்கள் கதவைத் தேய்க்கிற வேலையைத் தச்சர் பட்டறையிலேயே செய்யச் சொல்லிவிட்டோம். வீட்டில்தான் செய்ய வேண்டுமென்றால், முதலில் பரிசோதனை செய்யுங்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தையையும் தாயையும் வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

கதவில் கண்ணாடி புதிதாகப் போட்டால், உடைந்தாலும் குத்தாத பாதுகாப்புக் கண்ணாடியாகக் கேளுங்கள். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் வரைக்கும் கதவுக் கண்ணாடிக்கு அங்கே அதுதான் விதி.

கையெழுத்துப் போடுமுன்

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். வெட்டி எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்.

1. வீடு வாங்கியபோது வக்கீல் கொடுத்த காகிதங்களைப் புரட்டுங்கள். கன்சர்வேஷன் ஏரியா, ஆர்ட்டிகிள் 4, லிஸ்டட் பில்டிங் – இந்த மூன்று பெயரையும் தேடுங்கள்.

2. ஊர்க் கவுன்சிலின் பிளானிங் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வாங்குங்கள். பல கவுன்சில்கள் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கும். அது தண்டம் கட்டுவதைவிட மலிவு.

3. 'இந்த வேலைக்கு அனுமதி தேவையில்லை' என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அதற்கென்றே ஒரு சட்டபூர்வ சான்றிதழ் கேட்டு வாங்கலாம்.

4. அனுமதி வேண்டுமென்றால், இப்போதிருக்கிற கதவின் படம், புதிதாக வரப்போகும் கதவின் அளவு வரைபடம் இரண்டும் கேட்பார்கள். சாதாரணமாக 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். பனிக்காலத்துக்குள் கதவு வேண்டுமென்றால் கோடையிலேயே ஆரம்பியுங்கள்.

5. விற்க வருபவர் சொல்வதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். 'அனுமதி கிடைத்த பிறகே ஆர்டர்' என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

6. குளிர், பாதுகாப்பு சம்பந்தமான கட்டட விதி வேறு, இந்த பிளானிங் அனுமதி வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாகாது. இரண்டு காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்பார்.

7. 'யாருக்கும் தெரியாது, கொஞ்ச வருஷம் போனால் சரியாகிவிடும்' என்று இருக்காதீர்கள். முன்பு நான்கு வருஷமாக இருந்த கெடு, 2024 ஏப்ரல் 25-லிருந்து இங்கிலாந்தில் பத்து வருஷமாகிவிட்டது. லிஸ்டட் பில்டிங்குக்குக் கெடுவே கிடையாது.

8. முதலில் பழுது பார்க்க முடியுமா என்று ஒரு தச்சரைக் கேளுங்கள். மாற்றியே தீர வேண்டுமென்றாலும், எல்லாம் முடிகிற வரை பழைய கதவை வெளியே விடாதீர்கள்!

யார் புகார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டுப் பாட்டிமேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பழைய கதவு திரும்பி வந்த அன்று அந்தப் பாட்டி ஒரு கேக்கோடு வந்து, வாசலில் நின்று கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் சந்தேகப்பட மனசு வரவில்லை.

ஊருக்குத் திரும்பினதும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் கேட்டுவிட்டு, "நம்ம அப்பா வீட்டுத் தேக்குக் கதவை வித்தப்போ யாராவது இப்படி ஒரு கடுதாசி போட்டிருந்தா நன்னா இருந்திருக்கும்டி" என்றாள். நான் பதில் பேசவில்லை. அந்தக் கதவை விற்கச் சொன்னதும் நான்தான்.